விட்டுப்போன துடிப்பு

வயர் ஒட்டிக்க யாரு வர்றீங்கன்னு கேட்டதுக்கு யாரும் கையத் தூக்கலன்னு எங்க கிளாஸ எதுக்கு சார் திட்டுறீங்க? பயந்தாங்கொள்ளிங்கன்னு சொல்லிட்டீங்க. சயின்ஸ் படிக்கிற புள்ளைங்களுக்கு ஆர்வமே இல்லன்னு எங்க பயாலஜி மிஸ்கிட்ட வேற குறைபட்டுக்கிட்டீங்க. பாவம், அவங்க சாக்பீஸ டப்பால போட்டுட்டு வெளிய போயிட்டாங்க. அவங்க சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். பெல் அடிச்சா அடிக்கட்டும்.

ஆர்வமெல்லாம் எக்கச்சக்கமா இருந்துச்சு சார். போன வருஷம் நீங்க இந்த சயின்ஸ் ஷோவோட வந்தப்போ இதே லேப்ல கால் வைக்க இடமில்ல. பெரிய கிளாஸ் அண்ணன் அக்காங்க பெஞ்சுல, நாங்க பின்னாடி ஸ்டூல் மேல ஏறி நின்னோம். இதயம் எழுதுற கையெழுத்தப் பாக்கலாம் வாங்கன்னு ஆரம்பிச்சீங்க. பேச்சுக்கு என்ன கொறச்சல் உங்களுக்கு. யாரு வர்றீங்கன்னு கேட்டதும் சில பேரு ரெண்டு கையையும் தூக்குனாங்க.

மொதல்ல வந்தது ஃபுட்பால் கேப்டன். அவன் இதயத்தப் பாக்க வரல, அவன எல்லாரும் பாக்கணும், அதுக்கு வந்தான். நீங்க வயர ஒட்டுறது மணிக்கட்டுல, அவன் சட்டக் கைய தோள் வரைக்கும் சுருட்டிட்டு நின்னான். அடுத்தது கிளாஸ் ஃபர்ஸ்ட் அக்கா ஒருத்தங்க. எவ்வளவு துடிச்சா நல்ல ரிசல்ட்டுன்னு கேட்டாங்க பாருங்க, அதுலயும் மார்க் வேணுமாம். ரெண்டு பேருக்கும் உங்க லேப்டாப்லேர்ந்து செவுத்துல விழுந்த கோடு ஒழுங்கா ஏறி எறங்குச்சு. கை தட்டுனோம்.

அதுக்கப்புறம் வந்தது எங்கக்கா. ஆமா, என் சொந்த அக்கா. ஞாபகம் இல்லையா? எப்படி இருக்கும், வாரத்துக்கு ஒரு ஸ்கூல் போறவரு நீங்க.

அவ மேடைன்னாலே ஓடுற ஆளு. அன்னிக்கு உண்மையாவே அந்தக் கோட்டப் பாக்கணும்னுதான் வந்தா. நீங்க ஒட்டுனீங்க. கோடு ஏறுச்சு, எறங்குச்சு, திடீர்னு ஒண்ணக் காணோம். அப்படியே தட்டையா போச்சு. அப்புறம் அவசர அவசரமா ரெண்டு. பயாலஜி மிஸ் எந்திரிச்சு, சார் இது என்ன இப்படி வருதுன்னு கேட்டாங்க. நீங்க மைக்க எடுத்து என்ன சொன்னீங்க? தங்கச்சி யாரையோ நெனச்சுட்டு இருக்காங்க, அதான் ஒரு துடிப்பு மிஸ் ஆகுது, யாருப்பா அந்த ஹீரோ, எந்திரிங்கன்னு.

லேபே சிரிச்சுது. மிஸ் உக்காந்துட்டாங்க. நானும் சிரிச்சேன் சார், எனக்கென்ன தெரியும்? தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீங்க. சொன்னா கழுத்துல மாட்டியிருந்த, உங்க பேரு போட்ட அந்த அட்ட கீழ விழுந்துடுமா?

அன்னிலேர்ந்து அவ வராண்டால நடந்தா பசங்க ஜன்னல்ல தட்டுவானுங்க. டப் டப் டப்னு தட்டிட்டு ஒண்ண விட்டுட்டு, அப்புறம் ஒரு டப். பெரிய அறிவாளிங்க. ஒருத்தன் அன்னிக்கு செவுத்துல வந்த அந்தக் கோட்ட வீடியோ எடுத்து வெச்சிருந்தான், அதுக்கு ஒரு பாட்டு வேற போட்டு எல்லா ஃபோனுக்கும் அனுப்பினான். அதனால நெஞ்சு படபடன்னு வந்தாக்கூட இவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா. சொன்னா சிரிப்பானுங்களே. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுற மாதிரி உக்காந்துக்குவா. எப்பப் பாத்தாலும் லேஸ் கட்டுறியே, ஒழுங்கா ஒரு முடிச்சு போடத் தெரியாதான்னு அம்மா திட்டுவாங்க.

கடைசில மாடிப்படில விழுந்தா. அப்பவும் ஒருத்தன், ஹீரோ எதிர்ல வந்துட்டான் போலன்னு சொன்னான். பல்லு ஒடஞ்சு ரத்தம் வந்ததப் பாத்துதான் வாய மூடினான்.

ஆஸ்பத்திரில உங்கள மாதிரியே வயர் ஒட்டுனாங்க. அதே கோடு, நடுவுல அதே ஓட்ட. முன்னாடி எப்பவாச்சும் இப்படி வந்திருக்கான்னு டாக்டரம்மா கேட்டதும், அப்பா அந்த வீடியோவக் காட்டினாரு. பாட்டோட. அவங்க சத்தத்தக் கொறச்சிட்டு ரெண்டு தடவ பாத்தாங்க. இதப் பாத்துட்டு யாரும் ஒண்ணும் சொல்லலையான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்கம்மான்னு அப்பா சொன்னாரு. வேற என்ன சொல்லுவாரு.

இல்ல இல்ல, நல்லா இருக்கா. மூஞ்ச அப்படி வெச்சுக்காதீங்க. தோளுக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி வெச்சு தெச்சிருக்காங்க. இதயம் நின்னு யோசிச்சா அது ஒரு தட்டு தட்டும். காலேஜ் போறா, என்னோட சண்ட போடுறா, என் டிரெஸ்ஸத்தான் எடுத்துப் போட்டுக்கிறா.

மன்னிப்பா? அத அவகிட்ட கேளுங்க, எனக்கெதுக்கு. நான் அதுக்கா நிக்கிறேன்?

டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. இது குடும்பத்துல வர்றது, சின்னவளையும் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்னு. அம்மா கூட்டிட்டுப் போகல. ஒண்ணத் தாங்கவே உசுரு போயிடுச்சு, இன்னொண்ணு இருந்தா அத நான் தெரிஞ்சுக்க வேணாம்னு கதவ சாத்திக்கிறாங்க. அப்பா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிட்டே இருக்காரு. ரொம்ப தைரியசாலிங்க எங்க வீட்ல.

இப்பக் கொஞ்ச நாளா பஸ்ஸுக்கு ஓடினா எனக்கும் ஒரு மாதிரி வருது.

எல்லார் முன்னாடியும் கையத் தூக்க முடியல சார், அவ்வளவுதான். மிஸ் வெளியதான் நிக்கிறாங்க, அவங்களும் வந்து பாக்கட்டும். நீங்க டாக்டர் இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் விளக்க வேணாம். சரியா வரலன்னா சரியா வரலன்னு மட்டும் சொல்லுங்க, அந்தக் கோட்ட ஒரு பேப்பர்ல பிரிண்ட் எடுத்துக் குடுங்க, நானே டாக்டரம்மாகிட்டப் போய்க்கிறேன்.

வாட்ச கழட்டிட்டேன். ம், ஒட்டுங்க. லேப்டாப்ப கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைங்க.