மாடி பூட்டித்தான் இருக்கு

தம்பி: அதான்க்கா கேக்கறேன். நாங்க மொத்தமா ஊருக்குத் திரும்பி வந்துட்டா என்ன?

அக்கா: மொத்தமான்னா?

தம்பி: மொத்தமான்னா மொத்தமா. நான், அவ, குழந்தை, மூட்டை முடிச்சு எல்லாம்.

அக்கா: போனை வச்சுட்டுப் போய்த் தூங்குடா. அங்க இப்ப விடிஞ்சே இருக்காதே?

தம்பி: தூக்கம் வரல.

அக்கா: இரு, அடுப்பைக் குறைச்சுட்டு வரேன்... ம், சொல்லு. விளையாடறியா?

தம்பி: நிஜமாத்தான்க்கா.

அக்கா: இப்பதானே அந்த நாட்டுலயே வீடு பாக்கறோம்னு சொன்ன?

தம்பி: சொன்னேன்.

அக்கா: அதுக்கு முந்தி, வந்துடறோம்னு சொன்ன.

தம்பி: அதையும் சொன்னேன்.

அக்கா: ஒரு சொல்லுல நில்லுடா. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு...

தம்பி: சரி, நீ சொல்லு. வரலாமா, வேண்டாமா?

அக்கா: என்னை எதுக்குக் கேக்கற?

தம்பி: உன்னைத்தானே கேக்கணும். மாடி காலியாத்தானே இருக்கு?

அக்கா: மாடியா?

தம்பி: நம்ம மாடிதான்.

அக்கா: அது... பூட்டித்தான் இருக்கு.

தம்பி: யாரும் இல்லையே?

அக்கா: யாரு இருக்கப் போறா? ஒழுகுது. ஆளு குடியிருக்க முடியாது.

தம்பி: போன தடவை ஒழுகலையே?

அக்கா: அப்ப ஒழுகல, இப்ப ஒழுகுது. உன்னைக் கேட்டுக்கிட்டா ஒழுகும்?

மனைவி: அண்ணி, நானும் இருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்காரு.

அக்கா: அட, நீயும் இருக்கியா? ஆஸ்பத்திரிக்குப் போகலையாம்மா?

மனைவி: இன்னிக்கு இல்ல அண்ணி.

அக்கா: இவனுக்கும் லிஃப்ட் ரிப்பேர் இல்ல, உனக்கும் ட்யூட்டி இல்ல. ரெண்டு குரலையும் ஒண்ணா கேட்டு எத்தனை நாளாச்சு! சூரியன் மேக்கால உதிச்சிருக்கும். குட்டி தூங்கறாளா?

மனைவி: முழிச்சுட்டுத்தான்... இல்லம்மா, உள்ள போகக் கூடாது. அப்பா பேசிட்டு இருக்காரு பாரு.

அக்கா: எதுக்குள்ள?

தம்பி: ஒண்ணும் இல்லக்கா. விளையாடறா.

அக்கா: லைன் என்னடா இவ்வளவு தெளிவா இருக்கு? காதுக்குள்ள வந்து பேசற மாதிரி.

தம்பி: புது போன். அது என்ன சத்தம்? அப்பாவா?

அக்கா: அப்பாதான். செஸ் ஆடறாரு.

தம்பி: யார்கூட?

அக்கா: தனியாத்தான். ரெண்டு பக்கமும் அவரே ஆடுவாரு.

தம்பி: செக்னு கத்தினாரே?

அக்கா: தனக்குத்தானே வச்சுக்கிட்டாரு.

தம்பி: யாரு ஜெயிப்பா?

அக்கா: அப்பாதான்.

தம்பி: அப்பாவுக்குப் பரவாயில்லையாக்கா? தனியா பேசிக்கறாரா?

அக்கா: அவருக்கு என்ன, ராஜா. நீ உன் கதையைச் சொல்லு. இங்க வந்து என்ன வேலை பாப்ப?

தம்பி: இதே வேலைதான். லிஃப்ட் எல்லா ஊர்லயும்தான் பாதி வழியில நிக்குது.

அக்கா: இங்க நின்னா படியில ஏறிப் போயிடுவாங்க. உன்னைக் கூப்பிட மாட்டாங்க.

தம்பி: அப்ப வராதேங்கறியா?

அக்கா: வராதேன்னு நான் எப்ப சொன்னேன்? வந்தா நல்லதுதான். அப்பா பேத்தியைப் பாத்த மாதிரியும் இருக்கும்.

தம்பி: அப்ப 'வா'ங்கறியா?

அக்கா: வந்துதான் என்ன பண்ணப் போறேங்கறேன்.

தம்பி: எனக்குத் தலை சுத்துதுக்கா.

அக்கா: எனக்கு மட்டும் நேரா நிக்குதா? ஏம்மா, நீ சொல்லு. இவனை இழுத்துக்கிட்டு வர்றது நீயா, இல்ல உன்னை இழுத்துக்கிட்டு வர்றது இவனா?

மனைவி: அவருதான் அண்ணி. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.

தம்பி: நீ எங்க சொன்ன? நான்தானே வேண்டாம்னேன்?

மனைவி: முதல்ல நீங்க போலாம்னீங்க. நான் வேண்டாம்னேன். அப்புறம் நான் சரின்னதும் நீங்க வேண்டாம்னீங்க.

தம்பி: நீ அழுதுக்கிட்டே சரின்ன. அதனால வேண்டாம்னேன்.

மனைவி: அது வேற எதுக்கோ அழுதேன்.

அக்கா: நல்ல குடும்பம். ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு, அப்புறம் கூப்பிடுங்க. வைக்கட்டா?

தம்பி: வைக்காதக்கா! இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே, கடை லீவு. அவசரமா என்ன?

அக்கா: சமையல் இருக்கு.

தம்பி: உனக்கும் அப்பாவுக்கும்தானே. ஊருக்கா ஆக்கப் போற?

அக்கா: ...ஆமா. எனக்கும் அப்பாவுக்கும்தான்.

தம்பி: கண்ணாடிக் கடை எப்படிப் போகுது? அந்த ஆளு இன்னும் வராரா?

அக்கா: எந்த ஆளு?

தம்பி: நீதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்ப. மூக்குல அழுத்துது, காதுல அழுத்துதுன்னு வாராவாரம் ஃப்ரேமைத் தூக்கிக்கிட்டு வருவாருன்னு.

அக்கா: அவரா. இப்பல்லாம் கடைக்கு வர்றதில்ல.

தம்பி: அழுத்தல் சரியாயிடுச்சா?

அக்கா: சரியாயிடுச்சு.

தம்பி: பாவம், வேற கடைக்குப் போயிருப்பாரு.

அக்கா: உன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடா.

தம்பி: சரி, நேரா கேக்கறேன். ஒவ்வொரு தடவை போன் பண்றப்பவும் வா வான்னு கூப்பிட்டது யாரு?

அக்கா: நான்தான்.

தம்பி: அம்மா போனப்ப, இங்கயே இருந்துடேன்டான்னு கையைப் பிடிச்சுக்கிட்டது?

அக்கா: நான்தான். நீ கையை உருவிக்கிட்டு டாக்ஸியில ஏறின.

தம்பி: அதுக்குப் பழி வாங்கறியா?

அக்கா: பழி வாங்கறதுக்கு எனக்கு எங்கடா நேரம்? அப்ப நான் தனியா இருந்தேன். கூப்பிட்டேன்.

தம்பி: இப்ப?

அக்கா: இப்ப... பழகிடுச்சு.

தம்பி: என்ன பழகிடுச்சு?

அக்கா: எல்லாம்தான். நீ இல்லாம வீடு நடக்குது. காலையில எழுந்தா எது எங்க இருக்கும்னு தெரியுது. இப்ப நீ வந்து நின்னேன்னா எல்லாத்தையும் இடம் மாத்தணும்.

தம்பி: நான் என்ன பீரோவா?

அக்கா: பீரோன்னா ஒரு மூலையில நிக்கும். நீ நிக்க மாட்ட.

மனைவி: அண்ணி சொல்றது நியாயம்தாங்க. வேண்டாம். வாங்க, போலாம்.

அக்கா: எங்க போறீங்க?

தம்பி: எங்கயும் போகல. அவ ஏதோ... அக்கா, வீட்டுல பங்கு கேட்டு வரேன்னு நினைக்கிறியா?

அக்கா: சீ! நாக்கைக் கழுவு.

தம்பி: பின்ன எதுக்கு இப்படி வழுக்கற? விலாங்கு மீன் மாதிரி. இவ்வளவு நாளும் வான்னவ, வரேன்னதும் ஒழுகுதுங்கற, வேலை இல்லங்கற...

அக்கா: சரி, வரீங்க. வந்து ரெண்டு பேரும் வேலைக்குப் போவீங்க. குழந்தையை யார் பாத்துக்குவா?

தம்பி: நீ இருக்கியே.

அக்கா: அதான் பாத்தேன். அக்கா நினைப்பு எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு.

தம்பி: அப்படி இல்லக்கா...

அக்கா: அம்மா படுத்தப்ப நான் இருந்தேன். அப்பாவுக்கு நான் இருக்கேன். இப்ப உன் பொண்ணுக்கும் நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கான்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?

தம்பி: யாரு இருக்கா?

அக்கா: கேக்கற நேரத்தைப் பாரு!

தம்பி: எப்பக் கேட்டாலும் தப்பு.

மனைவி: போனை இப்படிக் கொடுங்க. நான் பேசறேன்.

தம்பி: வேண்டாம், சொல்லாத.

மனைவி: சொல்லாம எப்படிங்க? அண்ணி, ஒரு விஷயம் நடந்துடுச்சு.

அக்கா: என்னம்மா? குழந்தைக்கு ஏதாவது...

மனைவி: குழந்தை நல்லா இருக்கா. இப்ப நல்லா இருக்கா. உங்களுக்கே தெரியும், நாங்க அவளை வாசல்ல வச்சுக் கை மாத்திக்குவோம். நான் வந்தா அவரு போவாரு. அவரு வந்தா நான் போவேன்.

அக்கா: பார்சல் மாதிரின்னு நானே திட்டியிருக்கேன்.

மனைவி: அன்னிக்கு நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்தேன். வாசல்ல நின்னு 'வந்துட்டேன்'னு குரல் கொடுத்தேன். துணி நிறைய கிடந்துச்சு. கூடையை எடுத்துக்கிட்டு, துவைக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கிட்டேன்.

தம்பி: எனக்கு அந்தக் குரல்தான் கேட்டுச்சு. இறங்கினது கேக்கல. ஏதோ கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு, உள்ள ஆளுன்னு போன் மேல போன். இவதான் வந்துட்டாளேன்னு கதவைச் சாத்திட்டு ஓடினேன்.

மனைவி: கீழ இருக்கறப்ப ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிட்டாங்க. ஆள் பத்தல, உடனே வான்னு. அவரு மேல இருக்காரேன்னு அப்படியே போயிட்டேன்.

அக்கா: ஐயையோ!

மனைவி: முகம் தெரியாத யாரோ பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு இவரு காப்பாத்தப் போனாரு. நான் யாருக்கோ ஊசி போடப் போனேன். எங்க குழந்தையைப் பூட்டி வச்சுட்டுப் போயிருக்கோம்.

அக்கா: எப்ப தெரிஞ்சுது?

தம்பி: இவ ஏதோ கேக்கறதுக்காக எனக்குப் போன் பண்ணா. எனக்குப் பின்னால லிஃப்டோட இரும்புச் சத்தம். 'நீங்க வீட்ல இல்லையா?'ன்னா. 'நீ இல்லையா?'ன்னேன். அவ்வளவுதான்.

அக்கா: குழந்தை?

தம்பி: நான்தான் முதல்ல போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறக்கறேன், வாசல்லயே உக்காந்திருக்கா. ஷூவைத் தானே மாட்டியிருக்கா, கால் மாத்தி. பையை மடியில வச்சிருக்கா.

அக்கா: அழுதாளா?

தம்பி: அழுதிருந்தா தேவலையே. 'எல்லாரும் வேலைக்குப் போயாச்சு, நானும் கிளம்பிட்டேன்'னா.

மனைவி: அன்னிலருந்து ஷூவைக் கழட்ட மாட்டேங்கறா அண்ணி. தூங்கும்போதுகூட.

அக்கா: இதை ஏண்டா முதல்லயே சொல்லல? மாடி, லிஃப்ட்னு ஊரைச் சுத்திக்கிட்டு!

தம்பி: சொன்னா நீ உடனே வான்னுடுவ. பரிதாபத்துல சொல்லுவ. சொல்லாமலே உன் வாயிலருந்து வான்னு வரணும்னு நினைச்சேன்.

அக்கா: மண்டு.

தம்பி: ஆமா.

அக்கா: வாங்க.

தம்பி: நிஜமாவா?

அக்கா: வாங்கன்னா வாங்கதான். ஆனா இப்பவே மூட்டையைக் கட்டாதீங்க. கொஞ்ச நாள் கொடு. இங்க சிலதைச் சரி பண்ணணும். உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். நேர்லதான் பேச முடியும்.

தம்பி: வராமலே எப்படிக்கா நேர்ல பேசறது?

அக்கா: அதான் எனக்கும் புரியல.

தம்பி: அப்ப வரவா, இருக்கவா?

அக்கா: வா. ஆனா வராத. ஐயோ, என் வாயிலயும் குழப்பம் வந்து உக்காந்துக்கிச்சு. இந்த நாய் வேற! எதிர்வீட்டு நாய் யாரைப் பாத்தோ உயிரை விடுது.

தம்பி: இங்கயும் ஒரு நாய் குரைக்குதுக்கா.

அக்கா: இதே மாதிரியா?

தம்பி: கிட்டத்தட்ட.

அக்கா: என்னடா, உன் நாயும் என் நாயும் சேர்ந்தே நிறுத்துது?

தம்பி: ...லைன் தெளிவா இருக்குல்ல.

அக்கா: ஐயோ, தூறுது. துணி காயுது. இரு, கொல்லையில போய் எடுத்துட்டு வந்து பேசறேன்.

மனைவி: அண்ணி...

அக்கா: சொல்லும்மா, சீக்கிரம்.

மனைவி: மாடியில ஒரு நீலச் சட்டையும் காயுது. அதையும் எடுத்துடுங்க.

தம்பி: அப்பா வெள்ளைதானே போடுவாரு?

அக்கா: நீங்க எங்கடா இருக்கீங்க?

தம்பி: கேட்டுக்கு எதுத்தாப்ல. இஸ்திரிக் கடை ஓரமா. வேலையை விட்டாச்சுக்கா. பெட்டியோட வந்தாச்சு. பெல் அடிக்கறதுக்குத்தான் கை வரல.

அக்கா: குட்டி நனையறாளா?

மனைவி: பெட்டி மேல உக்காந்திருக்கா. இதுதான் அத்தை வீடான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. என்ன சொல்லட்டும்?

தம்பி: மாடி பூட்டியிருக்குன்னியே. அது யாரு சட்டைக்கா?

அக்கா: இதுதான் அத்தை வீடுன்னு சொல்லும்மா. மாடி ஒழுகலடா, அங்க ஆள் இருக்கு. மூக்குல அழுத்துதுன்னு வந்துக்கிட்டே இருந்தாரே, அவரு சட்டைதான். இங்க அப்பாகிட்ட தோத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பெட்டியைத் தூக்க அவரைத்தான் குடையோட அனுப்பறேன். யாரோன்னு நினைச்சு முழிச்சுக்கிட்டு நிக்காத, அத்தான்னு கூப்பிடு.