இராமசாமி பெயரில் விழுந்த கோல்கள்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முன்னாள் தோட்ட ஆட்டக்காரர் சங்கத் தலைவர் தம்பி தர்மா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! சுங்கை சிப்புட்டிலிருந்தும் பீடோரிலிருந்தும் வேலைக்கு லீவு போட்டு ஈப்போவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் சமந்தாவே! எல்லோருக்கும் இந்தச் சதாசிவத்தின் வணக்கம்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்தில், இதே மைக்குக்கு முன்னால், எத்தனை பேருக்காக எழுந்து நின்றுவிட்டேன்! எங்கள் சுண்ணாம்புமலைத் தோட்டத்துக் குழுவில் கேப்டன் போனார், பேசினேன். லெப்ட் பேக் போனார், பேசினேன். கோல்கீப்பர்தான் கடைசிவரைக்கும் நிற்க வேண்டும் என்று விதியா? எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். நான் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று டொமினிக். எங்கள் சென்டர் பார்வர்ட் டொமினிக்! காற்பந்து மறவர் டொமினிக்! தோட்டம் கைவிட்டுப் போன பிறகும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு சுங்கை சிப்புட் திடலுக்குப் போய், சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்த டொமினிக்! யார் கேட்டார்கள் அவரை? யாரும் கேட்கவில்லை. கோடு இல்லாமல் ஆடினால் சண்டை வருமாம். அதற்காகப் போட்டார்.

இளையவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஒரு கோப்பை இருந்தது. அவரவர் நாட்டில் கோப்பை வென்ற கிளப்புகள் மட்டும் தங்களுக்குள் மோதுகிற கோப்பை. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு அதன்மேல் பைத்தியம். அதைப் பார்த்து இங்கேயும் ஒன்று வைத்தார். பேராக்கில் அந்தந்த வட்டாரத்தில் ஜெயித்த தோட்டங்கள் மட்டும் அதில் ஆடலாம். ரப்பர் பால் மரத்தை வெட்டி எண்ணெய்ப்பனை நட்ட காலத்தில் அந்தக் கோப்பை நின்றுபோனது. பல வருடம் கழித்து ஐரோப்பாக் கோப்பையையும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் டொமினிக். கோப்பிக் கடையில் என் எதிரே உட்கார்ந்து சொன்னார்:

"அண்ணே, அங்கயும் மூடிட்டானுங்க. நம்ம கோப்பைக்கு இப்பத்தான் தொணை கெடச்சிருக்கு."

சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். அந்த ஐரோப்பாக் கோப்பையில் அதிகமாகக் கோல் போட்டவர் ஒரு ஹாலந்துக்காரராம். கோப்பை செத்துவிட்டது, அவர் பெயர் சாகவில்லை. இன்றைக்கும் கைப்பேசியைத் தட்டினால் வருகிறது. நம்முடைய கோப்பையில் அதிகமாகக் கோல் போட்டவர் யார்? இதோ, இந்தச் சுவரில் பலகை தொங்குகிறது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அதில் முதலில் இருக்கும் பெயர் எது என்று தெரியும். இராமசாமி.

நேற்று சமந்தா வீட்டில் இருந்தேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"சதாசிவம் அங்கிள், நாளைக்கு நீங்கதான பேசப் போறீங்க? அந்தக் கோலெல்லாம் அப்பா போட்டதுன்னு மைக்ல சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு தடவை."

நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அதில் அந்த இராமசாமியேதான் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கப்பைக் கீழே வைத்தார்.

"எனக்குன்னா பரவால்லமா. நாளைக்கு என் பேரன் கோகிலன் வருவான்லா. தாத்தா கோலு, தாத்தா கோலுன்னு சொல்லித்தான் அவன் ஆடவே வந்தான். அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"எங்கப்பா மூஞ்சிய இத்தன வருசம் எப்படிப் பாத்தீங்க அங்கிள்?"

இராமசாமி கப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்கப்பா என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தான்மா. அதனாலதான் பாக்க முடிஞ்சுது."

இன்று காலை மண்டப வாசலில் இராமசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நானே சொல்லிடலாம்னுதான் வந்தேன். வாய் வரல. நீங்க சொல்லிடுங்க. ஆனா என்னப் பாத்துச் சொல்லாதீங்க." அதனால்தான் நான் வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். யாரோ அமைச்சர் வருகிறார் என்று நினைத்து நீங்களெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

சபையோரே! அந்தக் கோல்களில் ஒன்றைக்கூட இராமசாமி போடவில்லை. அவர் பந்து வந்தால் குனிந்துகொள்கிற ஆள். அத்தனையும் போட்டவர் டொமினிக்!

ஏன் இப்படி? துரையின் கோப்பைக்கு ஒரு விதி இருந்தது. அந்தத் தோட்டத்து ஆள்கணக்கில் பெயர் உள்ளவன்தான் அந்தத் தோட்டத்துக்கு ஆடலாம். டொமினிக் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் அவருக்குக் கிடைத்த அடையாளக் கார்டு சிவப்பு, குடியுரிமை இல்லாதவனுக்குக் கொடுப்பது. அந்த வருடங்களில் சிவப்புக் கார்டுக்காரனை நிரந்தர வேலையில் யார் வைத்துக்கொண்டார்கள்? கன்ட்ராக்டில் புல் வெட்டினார், மருந்து அடித்தார். ஆள்கணக்கில் பெயர் ஏறவில்லை. பக்கத்து வீட்டு இராமசாமிக்குக் குடிமகனின் நீலக் கார்டு, ஆள்கணக்கில் பெயரும் இருந்தது. எங்கள் கேப்டன் ஒரு நாள் சொன்னார்:

"இராமசாமிகிட்ட பேர் இருக்கு, கால் இல்ல. டொமினிக்கிட்ட கால் இருக்கு, பேர் இல்ல. ரெண்டையும் ஒண்ணாக் கட்டுங்கடா."

கட்டினோம். தப்பா? எந்தத் தோட்டம் இதைச் செய்யவில்லை? பீடோர்ப் பக்கத்துக் குழுவில் செத்துப்போன ஒருவர் இரண்டு வருடம் பேக் ஆடினார். நன்றாகவும் ஆடினார்! யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. அதுதான் எங்கள் வழக்கம்.

டொமினிக் கோல் போடுவார். திடல் முழுக்க "இராமசாமி! இராமசாமி!" என்று கத்தும். அவரைப் பெற்ற தாய் வேலியோரத்தில் நின்று, கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இராமசாமி!" என்று கூவுவார். நானும் என் கம்பத்தடியிலிருந்து அந்தப் பெயரைத்தான் கத்தினேன். நிஜ இராமசாமி கோட்டுக்கு வெளியே நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டுவார்.

பிறகு ஈப்போவிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு காற்பந்துக் குழு இருந்தது. நல்ல ஆட்டக்காரனுக்கு நிரந்தர வேலை கொடுப்பார்கள். "யார் இராமசாமி?" என்று கேட்டார்கள். நாங்கள் முழித்தோம். டொமினிக்தான் இராமசாமியைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவன்தான் சார். முட்டியில அடி. ஆறினதும் பாருங்க, புலி மாதிரி ஆடுவான்." அவர்கள் போன பிறகு இராமசாமி அழுதார். டொமினிக் சொன்னார்:

"எனக்குக் குடுத்தாலும் கார்டப் பாத்து வெரட்டிடுவானுங்க மச்சான். நீ போ. நொண்ட மட்டும் மறந்துடாத."

அதையும் இவர் ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு வாரம் வலது காலை நொண்டினார், அடுத்த வாரம் இடது காலை. "உன் அடி என்ன மச்சான், ராத்திரியில எடம் மாறிப் படுக்குதா?" என்று டொமினிக் தலையில் அடித்துக்கொண்டார். முட்டி ஆறவே இல்லை. கம்பெனி இவரை ஸ்டோரில் போட்டது. அந்தச் சம்பளத்தில்தான் இராமசாமி வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். டொமினிக் லாரியில் காய்கறிக் கூடை ஏற்றினார். தலை நரைத்த பிறகுதான் அவருக்கு நீலக் கார்டு வந்தது.

அவருக்கு வருத்தம் இருந்ததா? என்னிடம் கேட்டால், இருந்தது. இந்தப் பலகையை மாட்டிய அன்று எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். டொமினிக் மட்டும் அதன் கீழே நின்று, தோள்துண்டால் முதல் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னப்பா?" என்றேன். "தூசிண்ணே" என்றார். புதுப் பலகையில் ஏது ஐயா தூசி?

தம்பி கோகிலன், உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ ஈப்போ கிளப்பில் சேர்ந்த புதிதில் உனக்குப் பினால்டி ஒழுங்காக அடிக்க வரவில்லை. டொமினிக் சாரத்தை மடித்துக் கட்டி, சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒங்க தாத்தா இப்படித்தான் அடிப்பாரு" என்று அடித்துக் காட்டினார். பந்து மூலையில் போய் விழுந்தது. நானும் அங்கே இருந்தேன். நீ கேட்டாய்: "டொமினிக் தாத்தா, எங்க தாத்தாவ விட நீங்க நல்லா அடிப்பீங்க போலிருக்கே!" அதற்கு அவர் என்ன சொன்னார்? "அத அவர்கிட்டப் போய் சொல்லிடாதலா. கோவிச்சுக்குவாரு." தாத்தாவைக் குறை நினைக்காதே, தம்பி. அவர் எடுத்துக்கொண்டவர் அல்ல. கொடுக்கப்பட்டதைச் சுமந்தவர். சும்மா சொல்லக் கூடாது, அதுவும் கனம்தான்.

தலைவர் தர்மா அவர்களே! பலகையில் இராமசாமியின் பெயரை அழிக்காதீர்கள். அழித்தால் டொமினிக் கல்லறையிலிருந்து எழுந்து வந்து சண்டை போடுவார். அதன் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டுங்கள். மற்றத் தோட்டத்துப் பெரியவர்களே! உங்கள் குழுவில் யார் பெயரில் யார் ஆடினார்கள் என்று தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். இருக்கும்போதே சொல்லிவிடுவோம். ஞாயிறுதோறும் திடலில் டொமினிக் போட்ட கோடுகளை இனி இந்தச் சங்கம் போடும். என் முதுகு வளையாது. சுண்ணாம்பு வாளியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். இது டொமினிக்கின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

முடிவில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது நம் வழக்கம். வேண்டாம் ஐயா. மௌனம் எனக்கு அலுத்துவிட்டது. இந்த மனிதர் விஷயத்தில் நாம் ஐம்பது வருடம் மௌனமாக இருந்தாயிற்று. பாதர் மன்னிக்க வேண்டும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தான் போட்ட ஒரு கோலுக்குக்கூடத் தன் பெயரைக் காதால் கேட்காமல் போய்விட்டார் டொமினிக். வெளியே ரோட்டில் போகிறவன் நின்று பார்க்கிற மாதிரி, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தடவை கத்துங்கள்.

இராமசாமி, நீ ஆரம்பி. எழுந்திருக்க முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே போதும்.