மொய்ப் பணத்துக்கு விசா இல்லை

கீரமங்கலம் பஸ்ஸில் ஒரு பெண்ணின் கஷ்டத்தைக் கேட்டு நான் சிரித்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் சிரித்திருக்கக் கூடாது. முன் சீட்டில் அவளும் அவள் அப்பாவும் இருந்தார்கள்.

“கணக்குல திடீர்னு இவ்வளவு பணம் எப்புடி வந்துச்சுன்னு கேட்டு, படிக்கப் போற விசாவ மறுத்துட்டாங்கப்பா.”

“ஊரே கறிவிருந்து சாப்பிட்டு மொய் எழுதுன பணம் ஆத்தா! நான் என்ன கொள்ளையா அடிச்சேன்?”

“மொய் விருந்துன்னா அவங்களுக்குத் தெரியாதுப்பா.”

“அப்ப இங்கிட்டு வந்து தின்னு பாக்கச் சொல்லு!”

பஸ்ஸே சிரித்தது. அவள் மட்டும் அழுதாள்.

மறுநாள் அவர்கள் வீட்டைத் தேடிப் போய், மொய் வழக்கத்தை விளக்கி ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதையும் அதில் எழுதினேன். அப்படியானால் அது கடன்தானே என்று விசாவை மறுபடியும் மறுத்துவிட்டார்கள்.

“அதையும் எழுதச் சொல்லி ஒங்கள யாரு சார் கேட்டா?” என்றார் அவள் அப்பா.