வெண்கலப் பெண்ணின் கம்பளித் தொப்பி

தலைமையேற்றிருக்கும் துறைமுகக் குழுத் தலைவர் ஆஸ்முண்ட் அவர்களே! பனியோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த பெரியோர்களே! காபிக் குடுவையை ஒரு கையிலும் இந்த ஊரை மறு கையிலும் தாங்கும் தாய்மார்களே! எங்கள் ஸ்கார்வோய் ஊரின் சிலைகளையும் பழைய மரத் தேவாலயத்தையும் காணக் கப்பலேறி வந்திருக்கும் விருந்தினர்களே! பேருந்து ஓட்டுநர் ஹால்வரின் வணக்கம்!

ஒரு வணக்கத்தை ஏற்கெனவே வீணாக்கிவிட்டேன். மேடைக்கு வரும் வழியில் என் மூக்குக் கண்ணாடியெல்லாம் மழை. படகுத்துறைப் பெஞ்சில் தொப்பியும் கழுத்துத் துண்டுமாக ஒரு பெண். வணக்கம் சொல்லி, காலைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். நகர்த்தவில்லை. மன்னிப்புக் கேட்டுச் சுற்றிப் போனேன். அது வெண்கலம்! என் மகள் யோருன் வடித்த வெண்கலம்! பதில் வராததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. இந்த ஊரில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்? (சிரியுங்கள், என் மனைவி போர்ஹில்ட் அப்போதே சிரித்து முடித்துவிட்டாள்.)

யார் அந்தப் பெண்? மீன் அறுத்து ஓய்ந்து, கத்தியை மடியில் வைத்துக் கடலைப் பார்ப்பவள். தேவாலயத்துக்குப் பலகை தந்தது காடு. காசு தந்தது யார் கை? உப்புக் கிடங்கை ஊருக்கு உயிராக்கியது யார் கை? கப்பல் தலைவனுக்குச் சிலை வைத்தோம், கரை திரும்பாதவருக்குக் கல் வைத்தோம். அந்தக் கைக்கு என்ன வைத்தோம்?

சென்ற இலையுதிர் காலத்தில் அவளை வைத்தபோது ஊர் என்ன சொன்னது? மூக்கு பெரிதாம். முறைக்கிறாளாம். கத்தியோடு உட்கார்ந்தால் மீன் வாங்க வருகிறவன் ஓடிவிடுவானாம். (அங்கே பாருங்கள், சொன்னவரே சிரிக்கிறார்!) குழு கூடியது. கிடங்குக்குப் பின்னால், வலை காயும் மூலைக்கு அவளை மாற்றுவதென்று முடிவாயிற்று. அன்று சாப்பாட்டு மேசையில் யோருன் கேட்டாள்: "அப்பா, உண்மையைச் சொல்லு. அவ்வளவு மோசமாவா இருக்கு?"

என் வாய் நிறைய உருளைக்கிழங்கு. விழுங்குவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

பிறகுதான் முதல் பனி விழுந்தது. விடிந்து பார்த்தால் வெண்கலத் தலையில் ஒரு பழுப்புக் கம்பளித் தொப்பி! அடுத்து கழுத்துக்குத் துண்டு. அப்புறம் கையுறை. யார் போட்டது? ஊரே வாயைத் திறக்கவில்லை.

அவளை அகற்றும் சனிக்கிழமை வந்தது. ஊர்ப் பொதுவேலை என்று அழைத்தால் நம்மில் வராதவர் உண்டா? விரும்பியவரும் வந்தார், வெறுத்தவரும் வந்தார், வாஃபிள் அப்பம் சுட மாவோடு வந்தார். நானும் கயிற்றோடு போனேன். என் மகள் வடித்த சிலையைத் தூக்க நானே கயிறு! துணியோடு கட்டினால் வழுக்கும் என்றார் கிரேன்காரர். வழுக்கைத் தலையில் மழை வழிய நின்ற நம் தலைவர் தொப்பியைக் காட்டினார்.

"யாருதுப்பா இது? போட்டவங்களே வந்து கழட்டுங்க. அடுத்தவங்க தொப்பியில நாம கை வைக்கக் கூடாது."

கூடாதுதானே, அவையோரே? கயிறு காத்திருந்தது, கிரேன் காத்திருந்தது, காபி ஆறியது. கை மட்டும் நீளவில்லை! போட்டவர் வரட்டும், அப்புறம் தூக்கலாம் என்றார் தலைவர். வந்த கூட்டம் சும்மா திரும்புமா? பறவை எச்சத்தைத் தேய்த்தோம். பெஞ்சின் ஆட்டத்தை நிறுத்தினோம். அவள் பாதங்களைக் கல்லோடு இறுக்கினோம். அகற்றப் போன கைகளே அவளை அசையாமல் ஆக்கின! போட்டவர் இன்றுவரை வரவில்லை. குழுவும் நேற்று தன் முடிவை மாற்றிக்கொண்டது. இருக்கிறாள், இங்கேயே இருப்பாள், கடல் பார்க்க இருப்பாள்!

யோருன், தூணுக்குப் பின்னால் ஒளியாதே. உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டேன். பதில் இதுதான்: "மோசமில்ல, மகளே."

விருந்தினர்களே, குறைவாக எண்ணாதீர்கள். இந்த ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. திருமணத்தன்று போர்ஹில்ட் என்னைப் பற்றிச் சொன்னதும் இதே சொல்தான். அதையும் யோசித்துத்தான் சொன்னாள்.

வாஃபிள் சூடாறுகிறது. நனைந்தபடி கேட்ட நல்லோருக்கு நன்றி. போகிற வழியில் அவளுக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள்!

இறங்கும்போது தலைவர் என் கையைக் குலுக்கினார். முதல் பனி விழுந்த விடியலில், பேருந்தை எடுக்கப் போன நான், அவர் தன் தலைத் தொப்பியைக் கழற்றி அவள் காதுவரை இழுத்துவிட்டதைப் பார்த்தேன். அதை மட்டும் நான் சொல்லவில்லை.