சரளை ரோட்டுத் தூசி

— சிரிக்காதே லவோன். நான் இன்னும் பேசி முடிக்கல.

— சிரிக்காம என்ன பண்ணச் சொல்றே? கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, புருஷன்காரன் இந்த ஷெட்டுக்குள்ள கூப்பிட்டு நிறுத்தி, ஒரு பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு ‘சரளை ரோட்டுல யார் வீட்டுக்குப் போனே’ன்னு கேக்கறான். அழவா முடியும்?

— இது சும்மா பேப்பர் இல்ல. உன் மோட்டார் சைக்கிளோட ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட்.

— தெரியுது மனுஷா. வசந்தத்துல வண்டியை வெளிய எடுக்கறப்போ ஒண்ணு, பனி விழறதுக்கு முன்னாடி ஷெட்டுல ஏத்தறப்போ ஒண்ணு. மத்தவங்க பொண்டாட்டிக்குப் பூ வாங்கித் தர்றாங்க. எனக்கு ஆயில் டெஸ்ட்.

— கிண்டல் பண்ணு, நல்லா பண்ணு. ஆயில் சூடா இருக்கறப்போவே அடி போல்ட்டைக் கழட்டி, முதல்ல வர்றதை விட்டுட்டு, நடுவுல வர்றதை மட்டும் அந்தச் சின்ன டப்பாவுல பிடிச்சு, துடைச்சு, பேர் எழுதி, லேப்புக்கு அனுப்பறேன். யாருக்காக? உன் வண்டி சின்னது. வயித்துல ஒரு பாட்டில் ஆயில்தான் பிடிக்கும். அந்த ஒரே ஆயில்தான் இன்ஜினுக்கு, கிளச்சுக்கு, கியருக்கு, எல்லாத்துக்கும். அது கெட்டா...

— ...எல்லாம் கெட்டுப்போகும். கேலன், இந்தப் பாடத்தை உன் கூட்டுறவு சங்கத்துக்கு வர்ற விவசாயிங்களுக்கு நடத்து. எனக்கு மனப்பாடம்.

— நடத்தறேனே. இந்தப் பக்கத்துல அறுவடை மெஷின் வச்சிருக்கற எல்லாரும் ரிப்போர்ட்டை என்கிட்டதான் கொண்டுவந்து நீட்டறாங்க. இரும்பு ஏறினா உள்ள தேயுதுன்னு அர்த்தம். சிலிக்கான் ஏறினா மண்ணு போயிருக்குன்னு அர்த்தம். உன் வண்டியில வசந்தத்துல சிலிக்கான் பன்னெண்டு. இப்போ அம்பத்தி நாலு. நம்பர் பொய் சொல்லாது, அம்மணி.

— அதனால?

— நம்ம வீட்டுலேர்ந்து நீ வேலை பாக்கற மாட்டு டாக்டர் வரைக்கும் தார் ரோடு. சர்ச்சுக்குத் தார் ரோடு. மளிகைக் கடைக்குத் தார் ரோடு. அப்புறம் இவ்வளவு மண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?

— அக்டோபர் மாசம்டா அப்பா. சுத்துப்பட்டு முழுக்க அறுவடை. ஜன்னலைத் திறந்தா காபிக்குள்ள தூசி விழுது.

— அது சோளச் சருகு. ஃபில்டர்லயே நின்னுடும். சரளை ரோட்டுத் தூசி மாவு மாதிரி. அதுதான் உள்ள வரைக்கும் போகும்.

— சரி, துப்பறியும் சிங்கமே. இந்த அயோவா மாநிலத்துல சரளை ரோட்டுக்கா பஞ்சம்? திரும்பின பக்கமெல்லாம் அதுதானே?

— எல்லாம் வயலுக்குப் போற ரோடு. உனக்குத் தெரிஞ்ச ஆள் வீட்டுக்குப் போறது ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுதான்.

— பேரைச் சொல்லு. வாய்க்குள்ளயே மென்னுக்கிட்டு இருக்கியே.

— டெல்மர்.

— அட ஆண்டவா! தேனீ வளக்கற டெல்மரா?

— நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உன்னை டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போனவன்.

— ஒரே ஒரு தடவை. என் காலை மிதிச்சு நகமே பேந்துபோச்சு.

— பொண்டாட்டி செத்ததுலேர்ந்து தனியா இருக்கான். போன மாசம் நம்ம வீட்டுக்குத் தேன் வந்துச்சு.

— ஊருல எல்லா வீட்டுக்கும்தான் குடுத்தான்.

— நமக்குப் பெரிய பாட்டில்.

— அளந்தா பாத்தே?

— பக்கத்து வீட்டுல கேட்டேன்.

— கேட்டியா! போய்க் கதவைத் தட்டி, ‘உங்க தேன் பாட்டில் எவ்வளவு உசரம்’னு கேட்டியா? நாளைக்கு அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

— பேச்சை மாத்தாதே. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் எங்க போறே?

— பைபிள் வகுப்புன்னு சொன்னேனே.

— பைபிளைத் தொட்டா கையில ஆரஞ்சு வாசனை வருமா?

— என்ன வாசனை?

— மெக்கானிக் கை கழுவற சோப்பு, லவோன். நறநறன்னு மணல் கலந்த ஆரஞ்சு சோப்பு. நம்ம ஷெட்டுல அது ஆகஸ்ட்லயே தீந்துபோச்சு. செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டை என் முன்னாடி வைக்கறப்போ உன் கையில அந்த வாசனை. எவனோ ஒருத்தனோட ஷெட்டுல கை கழுவிட்டு வர்றே நீ.

— என் கையை மோந்து பாத்தியா?

— நீ தூங்கினப்புறம்.

— கேலன்...

— பயமா இருக்குடி. அவ்வளவுதான். நீ போயிடுவியோன்னு பயமா இருக்கு. இந்தக் கோடை முழுக்க நீ ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பாத்திரம் கழுவறே. நான் உள்ள வந்தா நிறுத்திடறே. அந்தப் பாட்டு எவனுக்குன்னு தெரிஞ்சா, பிக்கப் வண்டியை எடுத்துட்டு நேரா அவன் வாசல்ல போய் நிப்பேன்.

— அந்தப் பேப்பரைக் குடு. சரி, நீயே படி. இரும்பு எவ்வளவு?

— எதுக்கு?

— படின்னா படி.

— ஒம்பது. போன தடவையும் ஒம்பதுதான்.

— அலுமினியம்?

— மூணு. முன்னாடியும் மூணு.

— மண்ணுலயே அலுமினியம் இருக்கு. மண்ணு உள்ள போயிருந்தா ரெண்டும் சேந்து ஏறியிருக்கணும். அது சிலிண்டரைச் சுரண்டி இரும்பும் ஏறியிருக்கணும். சிலிக்கான் மட்டும் தனியா துள்ளிக் குதிச்சா, அது மண்ணு இல்ல.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— கீழ லேப்காரன் ரெண்டு வரி எழுதியிருப்பானே. படிச்சியா?

— அதை நான் படிக்கறதே இல்ல. நம்பரைப் பாத்தாலே எனக்குத் தெரியும்.

— இன்னைக்குப் படி. கண்ணாடியைப் போட்டுக்கோ.

— ‘தேய்மானம் எதுவும் இல்லை. காற்று ஃபில்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சமீபத்தில் இன்ஜின் கவரைக் கழற்றி, புதிதாகச் சிலிக்கோன் பேஸ்ட் வைத்து ஒட்டியிருந்தால் சிலிக்கான் இப்படிக் கூடும்.’ ...பேஸ்ட்டா?

— ம்.

— வசந்தத்துல கிளச்சு மாத்தினப்புறம் நான் கவரைக் கழட்டவே இல்லையே. இரு. அந்த டார்ச்சை இப்படிப் பிடி. இதோ, வலது பக்கக் கவர். ஓரத்துல சாம்பல் கலர்ல கோடு. நான் எப்பவும் கறுப்புதான் வைப்பேன். லவோன், இந்த வண்டியில எவனோ கை வச்சிருக்கான்!

— டெல்மரா இருக்குமோ?

— அவனா? அவனுக்கு ஜாம் பாட்டில் மூடியே திறக்கத் தெரியாது. இது வேற ஆளு. வேலை தெரிஞ்ச ஆளு. பேஸ்ட் எங்கயும் பிதுங்கல. போல்ட் தலை ஒண்ணுகூட வழுக்கல. பொறுமைசாலி. என்னை விட நல்லா பண்ணியிருக்கான்னு என் வாயாலயே வரவழைக்கணுமா உனக்கு? ஆமா, என்னை விட நல்லா பண்ணியிருக்கான். போதுமா?

— போதும். ரொம்ப நன்றி.

— எதுக்கு நன்றி?

— வேலை சுத்தமா இருக்குன்னு சொன்னியே.

— ...நீயா?

— ஹைஸ்கூல் பட்டறையில, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வகுப்பு. பொம்பளைங்க ஒரு அரை டஜன் பேர், அப்புறம் நம்ம பாதிரியார். அவர் புல்வெட்டற மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு, திரும்ப மாட்டத் தெரியாம கர்த்தரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். அதனால பைபிள் வகுப்புன்னு சொன்னது முழுப் பொய்யும் இல்ல.

— கவரை எதுக்குத் திறந்தே?

— ஆயில் கசிஞ்சுது. வசந்தத்துல நீ கிளச்சு மாத்தினதுக்கு அப்புறம்.

— என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!

— சொன்னா என்ன பண்ணுவே? ‘தள்ளு, நான் பாத்துக்கறேன்’னு ஸ்பேனரைப் பிடுங்கிட்டு டார்ச்சை என் கையில குடுப்பே. இப்பவும் அதைத்தானே பண்ணினே? இந்த ஷெட்டுல வெளிச்சம் பிடிச்சுப் பிடிச்சே எனக்குத் தலை நரைச்சுப்போச்சு.

— உன் கையில எதுக்குக் கரி படணும்னு நினைச்சேன்.

— எனக்குக் கரி பிடிச்சிருக்கு கேலன். பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசைத் தடவி, கவரை வச்சு அழுத்தினா, அது தன் இடத்துல போய் உக்காரும் பாரு, அந்த ஒரு நிமிஷம் பிடிச்சிருக்கு. ஸ்டார்ட் பண்ணிட்டுத் தரையில படுத்துப் பாத்தேன். ஒரு சொட்டு ஒழுகல. வர்ற வழியெல்லாம் கத்திப் பாடிக்கிட்டே வந்தேன்.

— என்னைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்துல சும்மா நின்னிருப்பேன்.

— உனக்குச் சும்மா நிக்கத் தெரியாது. உன்னைக் கூப்பிடாம இருக்கத்தான் நான் போய்க் கத்துக்கிட்டேன்.

— வண்டி வழியில நின்னுபோன நாளெல்லாம் நான் வரலையா? மழையில வந்திருக்கேன். ஆலங்கட்டி விழறப்போ வந்திருக்கேன். ஒரு நாளாவது முனகியிருக்கேனா?

— இல்லவே இல்ல. பிக்கப்பை விட்டு இறங்கறப்போ உன் முகத்தைப் பாக்கணுமே! வண்டி கெட்டுப்போனதுல பரிசு விழுந்தவன் மாதிரி இருப்பே.

— பரிசுதான். நீ ரோட்டோரமா நின்னுக்கிட்டு, வர்ற வண்டியெல்லாம் நான்தானான்னு பாத்துக்கிட்டு இருப்பே. வேற எப்போ என்னை அப்படித் தேடியிருக்கே?

— இனிமே ரோட்டோரமா நிக்க வேண்டாம்னு பாக்கறேன். வசந்தம் வந்ததும் மிசிசிப்பி ஆத்தங்கரையோடவே கீழ கடல் வரைக்கும் போறேன். தனியா, இதே வண்டியில. போயிட்டுத் திரும்பி வந்துடுவேன். பயப்படாதே.

— வழியில ஆயில் மாத்தணுமே.

— நானே மாத்திக்குவேன்.

— டெஸ்ட்டுக்கு ஆயில் பிடிக்கறது? முதல்ல வர்றதை விட்டுட்டு, நடுவுல...

— நடுவுல வர்றதை மட்டும் பிடிக்கணும். தெரியும். அதையும் நானே பிடிச்சு அனுப்பிக்குவேன். இங்க பாரு மனுஷா, டெல்மரும் இல்ல, வேற எவனும் இல்ல. உன் மனசுல இருந்த ஆளே கிடையாது. இப்போ நிம்மதிதானே?

— டெல்மர் வீட்டுக்குத்தான் போனேன்னு சொல்லிடேன், லவோன். அவன்னா சண்டை போட்டு உன்னைத் திரும்பக் கூட்டிட்டு வர எனக்குத் தெரியும்.