நஞ்சப்பன் தேடிய பின்பக்கம்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் ஈஸ்வரமூர்த்தி அவர்களே, வேலந்தாவளம் வாசகசாலை நண்பர்களே, மைக் செட் வைத்திருக்கும் அண்ணன்மார்களே, துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி செல்லாத்தாள் அவர்களே, குமுளியிலிருந்து நான்கு பஸ் மாறி வந்திருக்கும் பாடகி சுருளியம்மாள் அவர்களே! எல்லோரையும் வணங்குகிறேன். எனக்கு முன் பேசியவர்கள் கண் கலங்கினார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

இசைத்தட்டு நஞ்சப்பன்! மாட்டுச் சந்தையில் ரசீது எழுதியவர். ஆனால் சந்தை கலைந்ததும் அவர் போனது எங்கே? பழைய சாமான் விற்பவனின் சாக்குப் பைக்கு முன்னால். சின்ன ரெக்கார்டு என்கிறோமே, பக்கத்துக்கு ஒரு பாட்டு, அது மட்டும்தான் அவருக்கு வேண்டும். அதிலும் ஓடாத படத்தின் பாட்டு, பெயர் தெரியாதவர் பாடியது, யாரும் கேட்டு வாங்காதது. உறையை விரித்து முகர்ந்து பார்ப்பார். தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பார்ப்பார். துண்டில் சுற்றி சைக்கிளில் வைத்து வீட்டுக்கு வந்தால், முதலில் போடுவது பின்பக்கம்.

"ஏனுங்க வாத்தியாரே, முன்பக்கத்த ஊரே தேய்ச்சுப்போட்டுது. பின்பக்கத்தப் பாருங்க, பொறந்த கொழந்தையாட்டம் இருக்குது!"

அவர் வீட்டம்மா செல்லாத்தாள் அடுப்படியிலிருந்து சொல்வார்: "எனக்குப் படுக்க எடமில்லீங்க. ரெக்கார்டுக்குத் தலகாணி போடறாரு இவரு."

பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வீட்டுப் பாயில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு, ஐந்து வருடம் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லவே கூசுகிறது.

அவர் ஒரு தட்டைத் தேடினார். உங்களுக்குத் தெரியும். சுருளியம்மாள் பாடியது. முன்பக்கம் கும்மி. பின்பக்கம், எஸ்டேட்டில் மரம் விழுந்து இறந்த தம்பிக்கு அவர் பாடிய ஒப்பாரி. நஞ்சப்பன் குமுளி வரைக்கும் போய் அவரைப் பார்த்தார். "எனக்குத் தட்டு ஒண்ணும் குடுக்கலய்யா. கும்மியத்தான் எல்லாரும் போட்டாக. என் தம்பிய நான் அழுதத இன்னும் நானே கேக்கல" என்றாராம் இந்த அம்மா. நல்ல தட்டு ஒன்றோடு திரும்பி வருவதாக நஞ்சப்பன் வாக்குக் கொடுத்தார்.

நல்ல தட்டு! அது இந்த வட்டாரத்தில் இல்லை. நஞ்சப்பனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

மைக் செட்டுக்கார அண்ணன்மார்களே, நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாண வீட்டில் தவறிப்போய் ஒப்பாரிப் பக்கம் சுழன்றுவிட்டால் நம் முதுகு தாங்குமா? அதனால் ஆணியை எடுத்து, விளிம்பிலிருந்து லேபிள் வரைக்கும் ஒரு கோடு. அந்தப் பக்கம் இனி பாடாது. கல்யாணம் பிழைத்தது. பாட்டு?

என் மாமா ஆறுமுகசாமிதான் அன்று இந்த வட்டாரத்துச் செட்டுகளுக்கு ரெக்கார்டு வரவழைத்துக் கொடுத்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால், கல்லூரி விடுமுறையில் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். சுருளியம்மாளின் தட்டு ஆறு வந்தது. "பின்பக்கத்தக் கீறி வெய்யிடா" என்றார். ஆறையும் கீறினேன். விசிலடித்துக்கொண்டே. ஒரு முறைகூடப் போட்டுக் கேட்கவில்லை.

நஞ்சப்பன் முதல் தட்டைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து காட்டியபோது சொல்லியிருக்கலாம். இரண்டாவது வந்தபோது சொல்லியிருக்கலாம். மூன்றாவதும் கிடைத்ததும், மூன்றையும் பாயில் வரிசையாக வைத்தார்.

"மூணுலயும் ஒரே கீறலுங்க. லேபிள் கிட்ட வந்து கொஞ்சம் எடப்பக்கம் திரும்புது பாருங்க. ஒரே கை பண்ணுன வேலை. அந்தக் கை வெளங்குமாங்க?"

"வெளங்காதுங்க" என்றேன்.

"அட, நீங்க எதுக்குங்க மூஞ்சியத் தொங்கப்போடறீங்க? உங்க கையா என்ன?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏன் சொல்லவில்லை? அந்தப் பாயில் எனக்கிருந்த இடம் போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சொல்லியிருந்தால் இந்த வட்டாரத்து ரெக்கார்டுப் பெட்டிகளை விட்டுவிட்டுக் கம்பம், போடி என்று தேடியிருப்பார். சொல்லவில்லை. ஊர் ஊராக சைக்கிள் மிதித்தார். நான் வழி அனுப்பினேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் வழியில் மார்பு வலித்து சைக்கிளோடு சாய்ந்தார். அவர் பையைச் செல்லாத்தாள் என்னிடம் கொடுத்தார். "இத உங்ககிட்டக் காட்டத்தானுங்க வந்திருப்பாரு" என்றார். உள்ளே துண்டில் சுற்றிய நாலாவது தட்டு. திருப்பிப் பார்த்தேன். லேபிள் கிட்ட வந்து, கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அவர் சாவுக்கு நான் காரணமா? இல்லை என்று வைத்தியர் சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நஞ்சப்பன் விட்ட வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கம்பம்மெட்டு தாண்டி ஒவ்வொரு செட்டுக்காரர் பெட்டியையும் பார்ப்பேன். அண்ணன்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி எந்தப் பக்கத்தையும் கீறாதீர்கள். பயமாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். காகிதத்தை உரித்துவிடலாம்.

சுருளியம்மாள் அவர்களே! நேற்று அந்த நாலாவது தட்டைப் போட்டுப் பார்த்தேன். ஊசி தாவித் தாவி ஓடியது. ஊசித் தலைமேல் ஒரு காசை வைத்தேன். பாட்டு கடைசி வரைக்கும் வந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்'கென்று இடிக்கிறது. உங்கள் தம்பியின் பெயரை ஏழு முறை கூப்பிடுகிறீர்கள். இரண்டு முறை அந்தப் பெயர் மேலேயே இடிக்கிறது.

இப்படிக் காயத்தோடு உங்கள் முன் கொண்டுவர நஞ்சப்பனுக்கு மனம் வரவில்லை. நான் கொண்டுவந்திருக்கிறேன். செட் தயாராக இருக்கிறது. போடுவதா, நல்லது கிடைக்கும்வரை காத்திருப்பதா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டும் வேண்டாம், தட்டைத் தொடாமல் போ என்றாலும் போய்விடுகிறேன்.

மைக்கை உங்களிடம் கொண்டுவரச் சொல்கிறேன், அம்மா.