பன்றியிலிருந்து எடுத்த மாத்திரை

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். மருத்துவமனையிலிருந்து திரும்புகிறார்கள். கணவர் எலும்பும் தோலுமாக இருந்தார்.

"இந்த என்சைம் மாத்திரைய பன்னிலேர்ந்து எடுக்கறாங்களாம். எனக்கு வேணாம்."

"குடிச்சிக் குடிச்சி உன் கணையம் கெட்டுப்போச்சு. செரிக்கற சாறு சுரக்கல, தின்றது அப்படியே வெளிய போவுது. டாக்டர் சொன்னது காதுல வுழலயா?"

"பன்னின்னாலே குமட்டுது."

"இன்னா குமட்டுது? இத்தினி வருசமா குடிச்சியே, அத எதுலேர்ந்து எடுத்தாங்கன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவர் ஒரு வாய் இட்லியோடு மாத்திரையை விழுங்கினார்.

"செத்த பன்னி உனக்கு செரிக்க வெக்கிது. நீ உயிரோட இருந்து இன்னாத்த கிழிச்ச?"